கரைந்ததும் கலங்கியதும்: பத்துமலை முதல் கிள்ளான் வரை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூர் பார்க்கும் ஆசையும் வந்துவிடும். பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய மூன்றையும் ரயிலிலேயே போய் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். கோயில், துணிக்கடை, உறவினர் வீடு என்று போய் வருகிறவர்கள் இந்த முறை இன்னொன்றையும் கவனித்து வரவேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். அந்த இன்னொன்று தண்ணீர்.

பத்துமலைப் பக்கம் பெய்யும் மழை பத்து ஆற்றில் இறங்கி, கோம்பாக் ஆற்றோடு சேர்ந்து, கோலாலம்பூர் நகரின் நடுவே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. பிறகு கிள்ளான் பட்டணத்தைத் தாண்டிக் கடலில் விழுகிறது. இந்த வழி நெடுகத் தண்ணீர் சிலவற்றைக் கரைக்கிறது, சிலவற்றைச் சுமக்கிறது, சிலவற்றை இறக்கி வைக்கிறது. ‘கரைந்தது’, ‘கலங்கியது’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இந்தப் பயணத்தில் நன்றாக விளங்கும். அது பரீட்சைக்கு மட்டும் படிக்கும் பாடமல்ல. நம் மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட பாடம். எப்படி என்பதைக் கிள்ளானில் போய்ச் சேரும்போது சொல்கிறேன்.

புறப்படுமுன் மூன்று குவளை

முதலில் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. மூன்று கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் குவளையில் ஒரு கரண்டி சீனி, இரண்டாவதில் ஒரு கரண்டி மண், மூன்றாவதில் நாலைந்து சொட்டுப் பால் போட்டு மூன்றையும் கலக்குங்கள்.

சீனி மறைந்துவிடும். “சார், சீனி எங்கே போச்சு?” என்று வகுப்பில் எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். எங்கும் போகவில்லை. சீனி கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு கூறுகளாகப் பிரிந்து, தண்ணீரின் கூறுகளுக்கிடையே பரவி நிற்கிறது. மேலே குடித்தாலும் அடியில் குடித்தாலும் ஒரே இனிப்பு. இதுதான் கரைசல். நாள் முழுவதும் வைத்திருந்தாலும் சீனி அடியில் தங்காது. துணியில் வடிகட்டினாலும் சீனியும் சேர்ந்தே இறங்கிவிடும்.

மண் கலந்த குவளை அப்படியல்ல. கலக்கினால் கலங்கும், விட்டுவைத்தால் தெளியும். மண் தண்ணீரில் கரையவில்லை, மிதந்துகொண்டுதான் இருந்தது. கனமான மணல் உடனே அடியில் விழும். நுண்ணிய களிமண் விழ நேரமாகும்.

மூன்றாவது குவளை இந்த இரண்டுக்கும் நடுவே உள்ளது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகளும் புரதத் துணுக்குகளும் கரைந்தும் போகவில்லை, அடியிலும் தங்கவில்லை. இதைக் கூழ்மம் என்கிறார்கள். இருட்டறையில் மூன்று குவளைகளின் பக்கமாகவும் கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சீனித் தண்ணீருக்குள் ஒளிக்கற்றை தெரியாது. பால் கலந்த தண்ணீருக்குள் வெள்ளைக் கோடாகத் தெரியும். நாம் மரம் சீவி மங்கில் எடுக்கும் ரப்பர் பாலும் இந்த வகைதான். இந்த மூன்று குவளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.

பத்துமலையில் கல்லும் கரையும்

1891-ஆம் ஆண்டு கே. தம்புசாமிப் பிள்ளை அவர்கள் முருகனுக்குக் கோயில் கண்ட குகை இது. 272 படிகள், 2006-இல் எழுந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே. படியேறி மூச்சு வாங்கி நிற்கும்போது ஒருமுறை தலையை நிமிர்த்திக் குகையின் கூரையைப் பாருங்கள். ஆலமர விழுதுபோல் கல் தொங்குகிறது. சில இடங்களில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குகையைக் குடைந்தது உளியல்ல, தண்ணீர்தான்.

பத்துமலை ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் பழமையான சுண்ணாம்புக் கல். சுத்தமான தண்ணீரில் சுண்ணாம்புக் கல் கரையாது என்றே சொல்லிவிடலாம். ஒரு லிட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம்தான் கரையும். ஒரு சிட்டிகை அளவுகூட இல்லை. ஆனால் மழைநீர் சுத்தமான தண்ணீர் அல்ல. வானிலிருந்து விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. மலை மேலுள்ள இலைமக்கு மண்ணில் ஊறும்போது இன்னும் அதிகமாகக் கரைத்துக்கொள்கிறது. அதனால் அது மிக மெல்லிய புளிப்புத் தன்மை பெறுகிறது. இந்தப் புளிப்பு நீர் சுண்ணாம்புக் கல்லைப் பன்மடங்கு கரைக்கும். கல்லின் விரிசல்களில் சொட்டுச் சொட்டாக இறங்கிய நீர் லட்சக்கணக்கான ஆண்டுகளில் கரைத்து எடுத்த வெற்றிடமே நாம் நின்று கும்பிடும் குகை.

கரைந்த கல் திரும்பவும் வருகிறது. கூரையில் ஒரு சொட்டு நீர் தொங்கும்போது அதிலுள்ள கரியமில வாயு காற்றில் பறந்துவிடுகிறது. வாயு போனதும் கல்லைப் பிடித்துவைத்திருக்கும் வலு தண்ணீருக்குக் குறைகிறது. அணு அணுவாகச் சுண்ணாம்பு ஒட்டி நிற்கிறது. அதுதான் அந்தக் கல் விழுது. சொட்டு கீழே விழுந்த இடத்தில் தரையிலிருந்து ஒரு கல் முளை எழும்புகிறது. இப்படிப்பட்ட விழுது ஒரு மில்லிமீட்டர் நீளப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிடுகிறார்கள். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும். ஒரு சாண் விழுதை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு வேலையை ஒரு நொடியில் அழிக்கிறார். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

குகைக்குள் சொட்டும் அந்த நீரைக் குவளையில் பிடித்தால் பளிங்கு போல் இருக்கும். ஆனால் அதற்குள் கல் இருக்கிறது. தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டால் வெள்ளை வளையமாகத் தெரியும். தெளிவாக இருக்கும் தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது என்பதே பத்துமலை தரும் முதல் பாடம்.

சேறு கூடும் இடம்

அடுத்து மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குங்கள். 1909-இல் திறக்கப்பட்ட அழகான பழைய பள்ளிவாசல் அது. அதன் இரு பக்கமும் இரண்டு ஆறுகள் வந்து கூடுகின்றன. கிள்ளான் ஆறு ஒன்று, கோம்பாக் ஆறு மற்றொன்று. மலாய் மொழியில் குவாலா என்றால் ஆறு கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. பெயர்க் காரணத்தை வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் மழைக்குப் பிறகு பாலத்தில் நின்று பார்க்கிறவர்களுக்குச் சேற்றுப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும். இப்போது கரைகளை அழகுபடுத்தி, மாலையில் நீல விளக்குகளும் போடுகிறார்கள். விளக்கு நீலமாக இருந்தாலும் தண்ணீர் தேநீர் நிறம்தான்.

1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகேறி வந்து, இந்தக் கூடலில் இறங்கி, ஈயம் தேடி அம்பாங் காட்டுக்கு நடந்தார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் 18 பேர். அவர்களுக்குப் பின்னும் ஆட்கள் வந்தார்கள், ஈயம் கிடைத்தது, நகரம் பிறந்தது.

ஈயம் அரித்தெடுத்த முறை நம் இரண்டாவது குவளைப் பாடமே. ஈயக் கனிமம் தண்ணீரில் கரையாது, மணலும் கரையாது. ஆனால் ஒரே அளவு மணலைவிட ஈயக் கனிமம் இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. லம்பத்தில் மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, சரிவான நீண்ட மரத் தொட்டியில் ஓடவிட்டால் மணல் அடித்துப்போகும், கறுத்த ஈயமணல் தடுப்புகளில் தங்கும். ஆற்றோரத்தில் பெண்கள் துலாங் என்னும் மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி எடுத்ததும் இதே முறையில்தான். நம் தாய்மார் முறத்தில் அரிசியும் உமியும் பிரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று, இங்கே தண்ணீர்.

‘மண்ணைக் கரைத்து’ என்று நானும் மேலே எழுதிவிட்டேன். பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் மண் கரையவில்லை, கலங்குகிறது. அதனால்தான் அதைப் பிரிக்க முடிந்தது. கரைந்திருந்தால் எந்தத் தட்டைச் சுழற்றியும் பயனில்லை. கரையாத கலவையைத் தெளியவிட்டோ, வடிகட்டியோ, அரித்தோ பிரித்துவிடலாம். 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்தக் குழிகளில் நின்ற நீர்தான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் ஏரிகளாகத் தெரிகிறது. சன்வே லகூன் பூங்காவும் பழைய லம்பக் குழிதான். ஆற்றில் இன்று காணும் சேறு பெரும்பாலும் கட்டடம் கட்டவும் சாலை போடவும் வெட்டிய மண், மழையில் அடித்துவந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே ஓ ஐஸ்

பசி எடுக்கும் நேரத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் சரியான இடம். கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே போகலாம். பெயரைக் கேட்டாலே செங்கல் சூளை நினைவுக்கு வரும். 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அடுத்தடுத்துச் சிக்கியது. அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல்லும் ஓடும் போட்டே கட்டவேண்டும் என்று பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் உத்தரவிட்டார். காப்பித்தான் யாப் ஆ லோய் இங்கே சூளைகள் அமைத்தார். தண்ணீரில் கலங்கும் களிமண்ணை நெருப்பில் வேகவைத்தால் பிறகு எந்த மழையிலும் அது கலங்குவதில்லை. சேற்றிலிருந்தே நகரம் எழுந்தது என்றால் மிகையாகாது. பின்னர் ரயில்வே ஊழியர்களாக நம்மவர்கள் வந்து குடியேறினார்கள். துன் சம்பந்தன் சாலையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் லிட்டில் இந்தியா என்ற பெயரோடு 2010-இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டன.

ஒரு கடையில் உட்கார்ந்து தே ஓ ஐஸ் சொல்லுங்கள். கடைக்காரர் என்ன செய்கிறார் என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் சூடான தேநீரில் சீனியைப் போட்டுக் கலக்குவார், பிறகுதான் ஐஸ் போடுவார். ஐஸ் போட்ட பின் சீனி போட்டால் அது அடியில் கிடக்கும். சூடு ஏறினால் சீனி விரைவாகவும் கரையும், அதிகமாகவும் கரையும். சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிலோ சீனி கரையும். கொதிக்கும் தண்ணீரில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கரையும். உப்புக்கு அப்படியல்ல. ஒரு லிட்டரில் சுமார் 360 கிராம் கரையும், கொதிக்க வைத்தாலும் 400 கிராமைத் தொடாது. இதற்கு மேல் கரையாது என்ற நிலையை அடைந்த கரைசலைப் பூரிதக் கரைசல் என்பார்கள். அதற்குப்பின் எவ்வளவு கலக்கினாலும் மிச்சம் அடியில்தான். எந்தப் பொருள் எவ்வளவு கரையும் என்ற அந்த அளவே கரைதிறன்.

டின் பாலைத் திறந்து சில நாள் வைத்தாலும் சட்டென்று கெடாமல் இருப்பது ஏன் தெரியுமா? அதில் ஏறக்குறைய பாதி சீனி. அவ்வளவு கெட்டியான கரைசல் கிருமியின் உடம்பிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடுகிறது. ஊறுகாயில் உப்பு செய்வதும் இதே வேலைதான்.

வாயுக்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சூடு ஏறினால் வாயு குறைவாகத்தான் கரையும். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பொங்கி வழிந்துவிட்டுச் சப்பென்று ஆகிவிடுகிறதல்லவா? ஆற்றுக்கும் அதே கதி. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் ஆற்றுநீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்திருக்கும். மீன் மூச்சு விடுவது அதை நம்பித்தான். சாக்கடையும் எச்சில் எண்ணெயும் அதில் சேர்ந்து அழுகும்போது அந்தக் கொஞ்ச வாயுவும் தீர்ந்துவிடுகிறது. மீன் செத்து மிதப்பதற்கு எப்போதும் விஷம்தான் காரணம் என்பதில்லை, மூச்சுத் திணறலும் காரணமாகலாம்.

குழாயில் வரும் தண்ணீர்

பட்டணத்துக்காரர்கள் குழாயைத் திறந்தால் தெளிந்த தண்ணீர் வருகிறது. கலங்கிய ஆற்றுநீர் எப்படித் தெளிகிறது? நம் பாட்டிமார் குடத்து நீரில் படிகாரத்தைச் சுற்றிவிட்டு வைப்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலும் ஆரம்பம் அதுவே. களிமண் துணுக்கு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. எல்லாத் துணுக்குகளும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை ஆதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரம் அந்த மின்னேற்றத்தை அடக்கிவிடுகிறது. துணுக்குகள் ஒட்டிக்கொண்டு கனத்து அடியில் விழுகின்றன. பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்துக் கிருமிகளைக் கொல்கிறார்கள்.

இந்த முறை கலங்கியதற்கு நல்ல மருந்து. கரைந்ததற்கு? 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரவாங் பக்கத்தில் கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றுக்கு வந்ததும் நீரில் கரைப்பான் வாடை அடித்தது. அந்த வாடையைப் படிகாரம் இறக்காது, மணலும் தடுக்காது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. வாளியும் குடமும் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்ற நகரத்து மக்களின் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆறு சேறாக ஓடியபோதெல்லாம் நிற்காத தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்த ஒன்றால் நின்றது.

தோட்டத்தில் கிணறு, ஓடை, மழைத் தொட்டி நீரைப் பயன்படுத்துகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், அது அவசியம் செய்யவேண்டியதுதான். ஆனால் உரமோ புல் மருந்தோ கரைந்திருந்தால் காய்ச்சுவதால் அது போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். பாராகுவாட் என்னும் புல் மருந்து தண்ணீரில் நன்றாகக் கரையும். யாரும் தவறிக் குடித்துவிடக் கூடாதென்றே அதில் நீலச் சாயமும் கெட்ட வாடையும் சேர்த்து விற்றார்கள். 2020-இல் நம் நாட்டில் அதற்குத் தடை வந்துவிட்டது. தடை வராத மருந்துகள் இன்னும் எத்தனையோ உள்ளன. எதையும் சோடா போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளின் கண்ணுக்கு அது குடிக்கும் தண்ணீர்தான்.

கிள்ளானில் கடல் செய்யும் வேலை

கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளான் ரயில் பிடியுங்கள். 1886-இல் போட்ட பாதையை ஒட்டிய வழி இது. கிள்ளான் பட்டணத்தைப் பார்த்துவிட்டுக் கடைசி நிலையமான துறைமுகம் வரை போங்கள். 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்த துறைமுகம் அது. 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். அங்கே படகுத்துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகு போகிறது. படகில் ஏறினால் இரு பக்கமும் சதுப்புக் காடும் சேற்றுத் திட்டும் தெரியும்.

மலையிலிருந்து 120 கிலோமீட்டர் சுமந்துவந்த சேற்றை ஆறு இங்கேதான் இறக்கி வைக்கிறது. ஓட்டம் குறைவது ஒரு காரணம். இன்னொரு காரணம் கடலின் உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் வரை உப்பு கரைந்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் செய்த வேலையை இங்கே உப்பு செய்கிறது. களிமண் துணுக்குகளின் மின்னேற்றம் அடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் படிகின்றன. அப்படிச் சேர்ந்த சேற்றில்தான் சதுப்பு மரங்கள் வேர் ஊன்றுகின்றன.

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைக் கண்டதும் வேறொன்று நினைவுக்கு வரும். மங்கில் இருக்கும் பாலில் ரப்பர்த் துணுக்குகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பால் ஸ்டோரில் தொட்டியில் ஊற்றிப் பார்மிக் ஆசிட் கலந்தால் அந்தத் தள்ளுதல் நின்று, துணுக்குகள் ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. சீக்கிரம் உறையக் கூடாதென்றால் அம்மோனியா சேர்ப்போம். பால் ஸ்டோரில் ஆசிட், சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம், கழிமுகத்தில் கடல் உப்பு. மூன்றிலும் நடப்பது ஒரே காரியம். எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் ரசாயன வேலையைத்தான் நாள்தோறும் செய்துவந்தார்கள்.

அந்தப் பார்மிக் ஆசிட்டைச் சற்று நினைவில் வையுங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான செய்தியில் அதுவும் வருகிறது.

தெளிந்த நஞ்சு

கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் மறக்கக் கூடாத ஊர். 1941-இல் ஆர். எச். நாதன் போன்றவர்கள் வழிநடத்த, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. கூலி உயர்வு கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதே அது. குடி நம்மை என்ன செய்கிறது என்று அன்றைய தொழிலாளர்களுக்கே தெரிந்திருந்தது.

கள்ளுக்கடைக்குப் பிறகு மலிவுச் சம்சு வந்தது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு மதுவைக் குடித்தவர்கள் வரிசையாக மருத்துவமனைக்கு வந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பிழைப்புக்காக வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் இருந்தார்கள், இந்நாட்டவரும் இருந்தார்கள். அந்த மதுவில் மெத்தனால் கலந்திருந்தது. மெத்தனால் வார்னிஷ், சாயம், சுத்தம் செய்யும் திரவம் ஆகியவற்றில் பயன்படும் தொழிற்சாலைச் சரக்கு.

நம் மூன்று குவளைகளை இப்போது எண்ணிப் பாருங்கள். குடிக்கும் மதுவில் உள்ளது எத்தனால். எத்தனால், மெத்தனால், தண்ணீர் ஆகிய மூன்றும் எந்த அளவிலும் ஒன்றில் ஒன்று முழுமையாகக் கரையும். சீனிக்காவது ஓர் எல்லை உண்டு, இவற்றுக்குப் பூரித நிலையே கிடையாது. அடியில் தங்காது, கலங்காது, நிறம் மாறாது. வடிகட்டினாலும் பிரியாது. வாடையும் ருசியும் ஏறக்குறைய ஒன்றே. “கொளுத்திப் பார், நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சோதனையே அல்ல. இரண்டும் மங்கிய நீலமாகத்தான் எரியும்.

உடம்புக்குள் போனதும் கல்லீரல் மெத்தனாலை மாற்றத் தொடங்குகிறது. கடைசியில் அது பார்மிக் ஆசிட்டாக மாறுகிறது. ஆமாம், பால் ஸ்டோரில் நாம் ரப்பர் பாலை உறைய வைக்கும் அதே பார்மிக் ஆசிட்தான். கையில் பட்டால் புண்ணாகும் என்று கையுறை போட்டுப் புழங்கும் பொருள் இரத்தத்தில் ஊறினால் என்ன ஆகும்? முதலில் கண் நரம்பு பாதிக்கப்படும். பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல் பார்வை மங்கும். பிறகு மூச்சு வாங்கும், நினைவு தப்பும். சுமார் பத்து மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடக் கூடும்.

இதில் மிகக் கொடுமை என்னவென்றால் உடனே ஒன்றும் தெரியாது. குடித்த அன்று இரவு சாதாரணப் போதை போலத்தான் இருக்கும். அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல் எல்லாம் வரும். “ராத்திரி குடிச்சது இன்னும் தெளியல, தூங்கட்டும்” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மருந்து உண்டு. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் உண்டு.

தாய்மார்களே, வீட்டில் யாராவது குடித்த மறுநாள் ‘கண் சரியாகத் தெரியவில்லை’ என்று சொன்னால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். எலுமிச்சம்பழம் தலையில் தேய்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே வண்டி பிடியுங்கள். என்ன குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போத்தல் கிடைத்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள். கூடக் குடித்தவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் இன்னும் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் சரி. வெட்கப்பட்டு மறைக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு கண்ணோ ஓர் உயிரோ போகலாம்.

குடிக்கிற அண்ணன் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. விட்டுவிடுவதே நல்லது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட முடியாதவர்கள்கூட முத்திரை இல்லாத, யார் செய்தது என்று தெரியாத, விலை நம்ப முடியாத அளவு மலிவான போத்தலைத் தொடாதீர்கள். தெளிவாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். தெளிவு எதற்கும் சாட்சி ஆகாது.

பிள்ளைகளோடு பத்துமலைக்குப் போகும்போது சொட்டும் நீரைக் காட்டுங்கள். மஸ்ஜித் ஜாமெக்கில் சேற்றைக் காட்டுங்கள். பிரிக்பீல்ட்ஸில் தேநீரில் கரையும் சீனியைக் காட்டுங்கள். கிள்ளானில் கடலைக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் ஒரு தட்டில் கடல்நீரை வற்றவிட்டு, மிஞ்சும் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கலங்கியது கண்ணுக்குத் தெரியும், கரைந்தது தெரியாது என்ற பாடம் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது. ரயில் கட்டணம் அதிகமில்லை. போய் வாருங்கள்.